எப்போதும் ஏறினான்

நோட்டீஸை மறுபடியும் படித்து முடித்த வக்கீல் நந்தகோபால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏம்மா சத்யா, எப்போதும்வென்றான்ங்கற பேரை நீயா கற்பனை பண்ணி வச்ச?" என்று கேட்டார்.

சத்யபிரியாவுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

"சார், அது எங்க ஊரு! எங்க அண்ணன் கல்யாணத்துக்கு அங்கன வந்து பந்தியில உக்காந்தீங்கள்லா?"

"எனக்குத் தெரியும்மா. நோட்டீஸ் அனுப்புன மெட்ராஸ்காரவியளுக்குத் தெரியணும்லா."

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் நடத்துவது பிரவுசிங் சென்டர். கம்ப்யூட்டர்களில் வரும் காசு கரண்டு பில்லுக்குச் சரி. சோறு போடுவது முன்பக்கம் விற்கும் ரீசார்ஜ் கார்டுதான். ஆள் வராத மத்தியானங்களில் இன்டர்நெட்டில் தன் பிளாக்கில் எதையாவது எழுதுவாள். அப்படித்தான் வம்பு வந்தது. செல்போன் கம்பெனி விளம்பரத்தில் கோட்டுப் போட்ட ஒரு பையன் பனிமலை உச்சியில் நின்று செல்போனில் பேசுவான். கீழே 'எப்போதும் வெல்வோம்' என்று வரும். அவள் அண்ணன் அருண்பாண்டியனோ ஊரில் டவர் எடுக்காமல் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் தங்கச்சியிடம் பேச முடியும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்ல அவன் ஏறியபோது, 'அம்மா' என்றதோடு லைன் போய்விட்டது. அன்றைக்கு அழுதாள். மறுநாள் எழுதினாள். பனிமலைக்குப் பதில் தொட்டி, கோட்டுக்குப் பதில் கைலி, கீழே அண்ணாந்து பார்க்கும் ஆடு. தலைப்பு: 'எப்போதும்வென்றான் எப்போதும் ஏறினான்'. ஊர் உலகமெல்லாம் மெயிலில் அனுப்பிச் சிரித்தது. கம்பெனி மட்டும் சிரிக்கவில்லை. தங்கள் வாசகத்தைக் கேலி செய்யவே புனையப்பட்ட பெயராம்; பதிவை நீக்கி, அந்தச் சொல்லை எழுத்திலோ பேச்சிலோ எக்காலத்திலும் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதிமொழி தர வேண்டுமாம்.

காலையிலேயே அந்தக் கம்பெனியின் ரீசார்ஜ் கார்டை அவளுக்கு சப்ளை செய்யும் குலாம் ரசூல் போன் பண்ணிவிட்டார். "கையெழுத்துப் போட்டு அனுப்பிரும்மா. இல்லன்னா இன்னைக்கு சாயங்காலத்தோட உனக்குக் கார்டு குடுக்கக் கூடாதுன்னுட்டாவ. எனக்கென்ன கோவமா? நானும்தான் சிரிச்சேன்."

நந்தகோபால் கம்பெனியின் மெட்ராஸ் வக்கீலுக்குப் போன் போட்டு, ஊர் இருக்கிறது, பஸ் நிற்கிறது, போஸ்டாபீஸ்கூட உண்டு என்று மன்றாடிவிட்டு ரிசீவரை வைத்தார்.

"ஊர் இருந்தா சந்தோஷமாம். கதையில வேற ஊரு பேரைப் போட்டுக்கிடணுமாம். மணியாச்சின்னு போடேன்."

"மணியாச்சியில டவர் நல்லா எடுக்குது சார். பொய்யாயிரும்லா!"

"அப்போ அழிச்சிட்டுக் கையெழுத்துப் போடு."

"பேச்சுலயும் சொல்லக் கூடாதுன்னா பஸ்ல எப்படி டிக்கெட் கேக்கது?"

"கண்டக்டர்ட்ட கையைக் காட்டு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவள்தான் முதலில் நிறுத்தினாள். சிரித்துச் சிரித்துத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். கார்டு இல்லாத கடையில் ஒரு மாதம்கூடத் தள்ள முடியாது.

பேனாவை வாங்கி, கம்பெனி முத்திரையோடு நோட்டீஸுடன் வந்திருந்த உறுதிமொழித் தாளில் கையெழுத்தைப் போட்டாள். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். நிரந்தர முகவரி. தகப்பனார் வெயிலுமுத்துவின் பெயரை எழுதினாள், தெருவை எழுதினாள். பேனா நின்றது.

நந்தகோபால் எட்டிப் பார்த்தார். "அடப் பாவிகளா! எழுதினா மேல சொன்னதை மீறுன கணக்கு. எழுதலைன்னா இது செல்லாது."

"அப்போ நான் எந்த ஊரு சார்?"

மேஜை மேல் அவள் செல்போன் அதிர்ந்தது, ரசூல் பாய். அவள் எடுக்கவில்லை. குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுத ஆரம்பித்தாள். அவ்வளவு நீளமான ஊருக்குக் கட்டம் போதவில்லை. 'எப்போதும்வென்' வரைக்கும்தான் உள்ளே அடங்கியது. 'றான்' கோட்டைத் தாண்டி, கம்பெனி முத்திரையின் மேல் போய் ஈரமாக உட்கார்ந்தது.