சவுண்டு போன இடம்

கரையான்சாவடியில் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கும் கலீல் ரகுமானுக்குக் காது கேட்காது. திடீரென்று போனதில்லை. அடிபட்டு வரும் வண்டிகளின் தகரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தியே காலம் ஓடியதில், வலது காது முதலில் போனது. இடது காது அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. இப்போது லாரிக்காரன் காதோரம் வந்து ஹாரன் அடித்தால்கூட, எங்கேயோ பக்கத்துத் தெருவில் கதவு சாத்தின மாதிரிதான் இருக்கும்.

விசேஷம் என்னவென்றால், இது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மனுஷன் அப்படிச் சமாளித்தார். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் முஸ்தகீம் தொப்பியை எடுத்து மாட்டினால் பாங்கு சொல்லியாயிற்று என்று அர்த்தம். இவரும் கையைத் துடைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவார். வண்டிக்காரர்கள் எப்படியும் ஒடுங்கின இடத்தை விரலால்தான் காட்டுவார்கள். நாலு பேர் சிரித்தால் சிரிப்பார், நாலு பேர் முகம் சுளித்தால் இவரும் ஒரு 'ப்ச்' போடுவார். உலகத்தில் பாதிப் பேச்சுக்கு இது போதும் என்பது அவர் கண்டுபிடித்த உண்மை.

தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி ராபியா. சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அவர் முட்டியில் விரலால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் 'ஆமான்னு சொல்லு'. இரண்டு தட்டு என்றால் 'வாயை மூடு'. பார்க்கிறவர்கள், இந்த வயசிலும் இதுங்களுக்கு என்ன கொஞ்சல் என்று கேலி செய்வார்கள். ராபியா மௌத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. முட்டியில் தட்ட ஆளில்லாமல் போனதும், அவர் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் மீதி இருப்பது மகள் ரைஹானா மட்டும். அவளிடமாவது சொல்லியிருக்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். ரைஹானா சினிமாவில் சவுண்டு வேலை பார்க்கிறாள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று சொந்தபந்தம் மொத்தமும் குதித்தபோது, 'எம்பொண்ணு காது யாருக்கு வரும்' என்று எதிர்த்து நின்றவர் கலீல். இப்போது மும்பையில் ஒரு பெரிய ஸ்டுடியோ அவளைக் கூப்பிட்டிருக்கிறது. அத்தாவைத் தனியாக விட்டுப் போவதா என்று அவள் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தாள். அத்தாவுக்குக் காது வேறு கேட்காது என்று தெரிந்தால் முடிந்தது கதை. பெட்டியைத் திறந்து துணியையெல்லாம் திரும்ப அலமாரியில் அடுக்கிவிடுவாள். அவள் ரயில் ஏறுகிற வரைக்கும் எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்று கலீல் வைராக்கியமாக இருந்தார். அவள் காலையில் போய் ராத்திரி வருகிறவள், பாதிப் பேச்சு போனில் மெசேஜாகவே நடந்துவிடும் என்பதால் இதுவரை வண்டி ஓடியது.

அப்போதுதான் அந்த விண்வெளிப் படம் வெளியானது. ரைஹானா ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்த படம். தமிழில் இப்படி ஒரு படம் வந்ததேயில்லை என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழம மேட்னி, ஆவடியில," என்றாள் ரைஹானா, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து. "ஸ்டுடியோல பத்து பேரு உக்காந்து கேட்டுட்டோம். ஜனத்தோட சேந்து கேக்கணும் அத்தா. நீங்களும் வரணும்."

"எனக்கு இன்னாத்துக்குமா ராக்கெட்டு படம்?"

"அதுல ஒரு எடம் கீது. உங்களுக்காகவே வச்சது. எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்களே கேட்டுட்டுக் கண்டுபிடிக்கணும்."

கலீலுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை நாள் கட்டிக் காப்பாற்றிய ரகசியத்துக்குப் பரீட்சை வைக்கிறாள் பெண். வரமாட்டேன் என்றால் மனசு உடைந்துபோவாள், வந்தால் மாட்டிக்கொள்வார். கடைசியில் ஒரு வழி தோன்றியது. தனக்குக் கேட்காவிட்டால் என்ன, தியேட்டரில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்குமே! ஜனம் எங்கே ஆர்ப்பரிக்கிறதோ அதுதான் அவள் வைத்த இடம். அங்கே கையைத் தட்டிவிட்டால் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் நிரம்பி வழிந்தது. விளக்கு அணைந்ததும் கலீலுக்குப் பயம் பிடித்தது. இருட்டில் யார் உதட்டைப் பார்ப்பது? ஆனால் படம் தொடங்கியதும் அந்தப் பயமே மறந்துபோனது. திரை முழுக்கப் பூமி உருண்டு எழுந்து வந்தது. மேகம் தெரிந்தது, கடல் தெரிந்தது, கடல்மேல் வெயில் வழுக்கிக்கொண்டு போவது தெரிந்தது. அந்த நீல வெளிச்சம் தியேட்டருக்குள் இறங்கி எல்லார் முகத்திலும் விழுந்தது. முன்வரிசையில் பாப்கார்ன் பொட்டலம் வைத்திருந்த பெரிய மீசைக்காரர் கையை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். யா அல்லாஹ், எவ்வளவு அழகாகப் படைத்திருக்கிறாய் என்று கலீலும் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். இதற்குக் காது எதற்கு?

கதை லேசாகவே பிடிபட்டது. விண்கலத்தில் போனவர்களில் ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். காற்று குறைந்துகொண்டே வருகிறது. வீடு திரும்ப வழி தேடுகிறான். ஹீரோ தலைக்கவசத்தைக் கழற்றியபோது இளவட்டங்கள் எழுந்து ஆடினார்கள். இதுதானோ என்று கலீல் மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் சிரித்தாளே தவிர, முகத்தில் அந்தப் படபடப்பு இல்லை. இது இல்லை. இடைவேளை வரைக்கும் அப்படியே போனது. கலத்துக்குள் பெரிய வெடிப்புகள் வந்தபோது நாற்காலி அதிர்ந்து முதுகில் உறைத்தது, அது மட்டும் அவருக்கு எட்டிய சத்தம்.

இடைவேளைக்கு அப்புறம் ரைஹானா நாற்காலி நுனிக்கு வந்தாள். துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டாள். வருகிறது போலிருக்கிறது என்று கலீலும் உஷாரானார்.

திரையில் விண்கலத்தின் பக்கவாட்டுச் சுவர் பிய்த்துக்கொண்டது. தகரம் தகரமாகக் கிழிந்து பறந்தது. உள்ளே இருந்தவன் வெளியே இருட்டில் தூக்கி எறியப்பட்டான். அவ்வளவுதான், தியேட்டர் மொத்தமும் எழுந்துகொண்டது. ஜனம் கையைத் தூக்கி ஆட்டியது. விரலை வாயில் வைத்து விசில் அடித்தது. காலால் தரையை உதைத்தது, அந்த அதிர்வு செருப்பு வழியாக அவர் காலுக்கு ஏறியது. சிலர் பின்னால் திரும்பி ஆப்பரேட்டர் ரூமைப் பார்த்துக் கத்தினார்கள். போன் டார்ச்சை அங்கே அடித்தார்கள். இப்படி ஒரு ஆர்ப்பாட்டத்தைக் கலீல் பார்த்ததேயில்லை.

இதுதான்! சந்தேகமே இல்லை, இதுதான்!

உண்மையில் நடந்தது வேறு. விண்வெளியில் சத்தம் கிடையாது என்பதால், கலம் பிய்ந்த அந்தக் கணத்தில் ரைஹானா கூட்டத்தார் எல்லாச் சத்தத்தையும் அடியோடு நிறுத்தியிருந்தார்கள். ஜனத்துக்கு அது எப்படித் தெரியும்? கொடுத்த காசுக்குச் சவுண்டு போய்விட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

"டேய் ஆப்பரேட்டர்! சவுண்டு வைடா!"

"தூங்கிகினு கீறியா மாமே! சவுண்டு!"

கொஞ்ச நேரம்தான். அப்புறம் அந்த நிசப்தத்துக்குள் இருந்து ஒரு மூச்சு கேட்கத் தொடங்கியது. தலைக்கவசத்துக்குள், இருக்கிற காற்றைச் சிக்கனமாக இழுத்து விடுகிற ஒரு களைத்த மனுஷனின் மூச்சு. வேறு ஒன்றுமில்லை, மூச்சு மட்டும். கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். டார்ச்சுகள் அணைந்தன. ஜனம் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

கலீல் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கையைப் பட்பட்டென்று தட்டினார். தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று தெரியாமல், மகளைப் பார்த்துச் சந்தோஷமாகக் கத்தினார்:

"இதானேம்மா! கண்டுபுடிச்சிட்டேன் பாத்தியா! மியூசிக்கு பிச்சி ஒதறிட்ட போ!"

முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். மீசைக்காரர் உதட்டில் விரலை வைத்து முறைத்தார். கலீலின் கை தட்டுவதற்கு விரிந்தபடியே நின்றது. எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். காலுக்கு அடியில் தரை அசையவில்லை. நாற்காலியில் கை வைத்தார், அதுவும் அசையவில்லை. எங்கேயோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. மெல்ல உட்கார்ந்தார்.

ரைஹானா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை வெளிச்சத்தில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. முதலில் திகைப்பு. பிறகு, இத்தனை நாள் நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிற மாதிரி கண் எங்கேயோ போய் வந்தது. அடுக்களையில் இருந்து கூப்பிட்டுப் பதில் வராத நாட்கள். 'பேசாதம்மா, மெசேஜ் போடு' என்ற நாட்கள். பிறகு கண் நிரம்பியது.

அவள் கை அவர் முட்டியில் வந்து விழுந்தது. ராபியா தட்டுகிற அதே இடம். மாட்டிக்கொண்டோம் என்பதைவிட, அந்த இடத்தில் ஒரு கை பட்டு இரண்டு வருஷம் ஆகிறது என்பதுதான் அவரை உலுக்கியது.

ரைஹானா அவர் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். உதட்டை மட்டும் அசைத்தாள். "மியூசிக் இல்ல அத்தா. மூச்சு. உங்க மூச்சு."

அவருக்குப் புரியவில்லை. அவள் அவர் கையை எடுத்து அவர் நெஞ்சிலேயே வைத்து அழுத்தினாள். மறுபடி சொன்னாள். போன ரமலான்ல நோம்போட படுத்துத் தூங்கினீங்களே, அப்போ எடுத்தது. எத்தனையோ ஆர்ட்டிஸ்ட் மூச்சு விட்டாங்க, எல்லாம் நடிப்பா இருந்துச்சு. இதுதான் நெஜமா இருந்துச்சு.

கலீல் திரையைப் பார்த்தார். இருட்டில் ஒருவன் மிதந்துகொண்டிருந்தான். கீழே பூமி, கைக்கு எட்டாத தூரத்தில். தன் மூச்சு தியேட்டர் முழுக்க நிறைந்திருக்கிறது, தனக்கு மட்டும் அது கேட்கவில்லை. காது போன இத்தனை வருஷத்தில், காது இல்லையே என்று அவர் அழுதது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் அவர் திரையை விட்டுவிட்டு ஜனத்தைப் பார்த்தார். மீசைக்காரர் பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆடிக் குதித்த இளவட்டங்கள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் அவன் நெஞ்சு ஏறினால் ஜனத்தின் தோள்கள் ஏறின, அவன் நெஞ்சு இறங்கினால் இறங்கின. ஊர் பேர் தெரியாத இத்தனை பேர், கரையான்சாவடி டிங்கர் ஒருத்தன் உயிரோடு இருக்க வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கலீல் அதைக் கண்ணாலேயே கேட்டார். கை நெஞ்சிலேயே இருந்தது.

படம் விட்டதும் எதிர் டீக்கடைக்குப் போனார்கள். ரைஹானா வழக்கம்போலப் பக்கத்தில் நிற்கவில்லை. சுற்றி வந்து, சாயங்கால வெயில் தன் முகத்தில் விழும்படி அவருக்கு எதிரே நின்றுகொண்டாள்.

"எத்தன வருஷமா?"

"அது ஆச்சும்மா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாம எனக்கு இன்னா கீது?"

"அம்மா எப்பப் பாரு உங்க முட்டியத் தட்டிட்டே இருக்குமே. ஏன்னு இப்பத்தான் புரியுது." சொல்லும்போதே அழுதுவிட்டாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நிதானமாகச் சொன்னாள். "அத்தா, நான் மும்பைக்குப் போகல."

ஒரு எழுத்து விடாமல் அவருக்குப் புரிந்தது. டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"கேக்கல," என்றார்.

"மும்பைக்குப் போகலன்னேன்."

"கேக்கலம்மா. எனக்குக் காது செவுடு."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையை அவர் வாயால் சொன்னார். அதுவும் நல்ல சத்தமாகச் சொன்னார். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கலீல் அவரைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

ரைஹானாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "வெளாடாதீங்க. இத்தனை நாள் ஏமாத்திட்டு இப்ப இது வேறயா?"

"நீ போறேன்னு சொல்லு. அது கேக்குதான்னு பாக்கலாம்."

ரோட்டில் பஸ்கள் போயின. "காதுக்கு மெஷின் வச்சுக்கணும்," என்றாள் பிறகு. "இந்த வாரமே டாக்டர்."

"சரி."

"முஸ்தகீம் அண்ணன் கிட்ட நானே சொல்லிருவேன். மறைக்கக் கூடாது."

அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். "சரி, சொல்லு."

"தெனம் வீடியோ கால். மூஞ்சியப் பாத்துத்தான் பேசணும்."

"சரிம்மா."

ரைஹானா டீ கிளாஸை மேடையில் வைத்தாள். அவர் கண்ணை நேராகப் பார்த்து, குரலே எடுக்காமல், உதட்டை மட்டும் அசைத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். கையெட்டும் தூரத்தில் நின்ற டீ மாஸ்டருக்குக்கூட அது கேட்கவில்லை.

"கேட்டுச்சு," என்றார் கலீல் ரகுமான்.