உலர்த்திக்கு எதற்குத் தண்ணீர்?

நாரின் நகர விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில், உலர்த்தி இயந்திரத்தை இயக்கும் துர்குன்பாய் அதற்கு நேற்றுப் பொருத்திய தண்ணீர்க் குழாயைக் காணோம். மேலாளர் ரிஸ்பெக் அதை வெட்டி, விடுதியின் நீராவிக் குளியலறைக்குத் திருப்பியிருந்தார்.

"காயவைக்கிற மெஷினுக்கு எதுக்குய்யா தண்ணி?"

"உள்ள துணி தீப்பிடிச்சா நீங்களா வந்து ஊதி அணைப்பீங்க?"

"வாய் ரொம்ப நீளுது. சாயந்திரம் விருந்தாளிங்க குளிக்க வர்றாங்க. போய் நீராவியத் திற."

துர்குன்பாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலர்த்திக்கும் குளியலறைக்கும் நீராவி ஒரே குழாயில்தான் வந்தது. அதன் வால்வை இறுக்கி மூடினார். கைப்பிடியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யோவ், விருந்தாளிங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"அதான் தண்ணி இருக்கே! பச்சத் தண்ணியில குளிக்கச் சொல்லுங்க. வெளிய கொட்டுற பனிக்கு இதமா இருக்கும்."