யாரோ ஒரு பிள்ளைக்கு

கதிரையின் முதுகில் நான்கு வெளிர்நீலச் சேட்டுகள் தொங்கின. புதியவை. கடைக் கஞ்சி போகட்டும் என்று சினியோரா மிரெல்லா ஒருமுறை தோய்த்து, ஈரம் முழுதாகக் காயமுன் எடுத்து வைத்திருந்தார். அந்த வீட்டில் அற்புதமலர் வழமையாக அயன் பண்ணுவது கட்டில் விரிப்புகளையும் மேசைத் துணிகளையும் ஒரு வயதான விதவையின் சாம்பல் நிறப் பாவாடைகளையும்தான். இளம் பிள்ளைகள் போடுகிற உடுப்பு எதையும் அவள் அங்கே கண்டதில்லை.

“யாருக்கு, சினியோரா?”

“ஒரு பிள்ளைக்கு” என்று சொல்லிவிட்டு, சினியோரா கோப்பியை அடுப்பில் வைக்கத் திரும்பிக்கொண்டார்.

சினியோராவின் தம்பியின் பேத்திகளில் ஒருத்திக்காக இருக்கும் என்று அற்புதமலர் நினைத்தாள். துணி கையில் வழுக்கியது. கொலரின் இரண்டு நுனிகளும் பறக்காமல் இருக்க நுனிக்கொரு சின்னப் பொத்தான் வைத்துத் தைத்திருந்தார்கள். பலெர்மோவில் லிபெர்த்தா வீதிப் பக்கத்துப் பணக்காரப் பிள்ளைகள் இப்படித்தான் உடுப்பார்கள். மினுக்கமில்லை, எழுத்தில்லை, பூவில்லை. அவளுடைய ஊரான மன்னாரில் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்துச் சீருடை போல இருக்கும், ஆனால் விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். கொடுத்துவைத்த பிள்ளை, யாரோ. ஒரு கொலர்ப் பொத்தான் நூல் விட்டுக் கிடந்தது. பெட்டியில் நீல நூல் இல்லை. வெள்ளை நூலால் இறுக்கித் தைத்தாள். அயன் பெட்டி சூடாகும் நேரத்தில் அந்தப் பிள்ளைக்காக ஒரு அருள்நிறைந்த மரியே செபமும் சொன்னாள். யார் பெற்றாலும் பிள்ளை பிள்ளைதானே.

அவளுடைய பிள்ளை றம்யா, புரட்டாதி முடிவில் வடக்கே தொரினோவுக்குப் படிக்கப் போயிருந்தாள். சும்மா பல்கலைக்கழகம் இல்லை. பரீட்சை வைத்து, நேரில் கேள்வி கேட்டு, தெரிந்தெடுத்த பிள்ளைகளை மட்டும் தங்கவைத்துச் சாப்பாடும் கொடுக்கிற ஒரு கொலீஜியோவில் இடம் கிடைத்திருந்தது. அந்த நேர்முகத்துக்கு றம்யாவைப் பழக்கியவர் சினியோராதான். ஓய்வுபெற்ற ஆசிரியை. தானும் பதினெட்டு வயதில் இதே பலெர்மோவிலிருந்து தொரினோவுக்குப் படிக்கப் போனவர். கோடை முழுவதும் அந்தக் குசினி மேசையில் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து கதைக்க, அற்புதமலர் பக்கத்து அறையில் நிலம் துடைத்துக்கொண்டே கேட்பாள். அப்போது அவளுக்கு நன்றிதான் இருந்தது. முடிவு வந்த அன்று பயற்றம் பணியாரம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

போகிற பிள்ளைக்குக் குளிருக்கு வேண்டும் என்று பல்லரோச் சந்தை முழுக்க ஏறி இறங்கி ஒரு ஜாக்கெற் வாங்கினாள். கறுப்பு நிறம், உள்ளே தடித்த பஞ்சு, முதுகில் வெள்ளி எழுத்துகள். விமான நிலையத்தில் றம்யா அதைப் போட்டுக்கொண்டு திரும்பிக் கை காட்டியபோது அந்த எழுத்துகள் கூட்டத்துக்குள்ளேயும் தெரிந்தன. கடைசிவரை கண்ணில் பட்டது அதுதான்.

சேட்டுகளை அயன் பண்ணிய கிழமைக்கு அடுத்த கிழமை, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருக்கும்போது றம்யா வீடியோவில் வந்தாள். தோளில் ஒரு சுவெற்றரைப் போட்டு, அதன் கைகளை நெஞ்சில் முடிச்சுப் போட்டிருந்தாள்.

“ஏன் பிள்ளை அதைத் தோளில கட்டியிருக்கிறாய்? குளிரெண்டா போடன்.”

“இஞ்சை இப்பிடித்தான் அம்மா.”

“குளிருக்கு வாங்கின சாமானைப் போடாமல் கட்டிக்கொண்டு திரியிற ஊரை இப்பதான் பாக்கிறன்” என்றார், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவர் அருளையா. றம்யா சிரித்தாள். சிரிக்கும்போது முகம் கமராவுக்குக் கிட்ட வந்தது. நீலக் கொலரின் நுனியில் ஒரு பொத்தான், நீலத்தின் மேல் வெள்ளை நூலாய், அற்புதமலருக்கு முன்னால் வந்து நின்றது.

சாப்பிட்டியா, சளி இருக்கா என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள். பிறகு கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய வேகத்தில் குழம்பு சிந்தியது.

“அந்தச் சேட் சினியோரா வாங்கிக் குடுத்தது.”

“நல்லது தானே.”

“எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை. ரெண்டு பேரும். நானே நிண்டு அயன் பண்ணியிருக்கிறன், ஆருக்கெண்டு தெரியாமல்.”

“சொன்னா நீர் இப்பிடி நிப்பீரெண்டு பிள்ளைக்குத் தெரியும்.”

“எப்பிடி நிக்கிறன்?”

அருளையா வெங்காயக் கண்ணீரைத் துடைத்தார். “இஞ்சரும், உம்மட முகத்தில இப்ப பாண் துண்டை வச்சா வாட்டி எடுக்கலாம்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையின் உடம்பில் பட்ட ஒவ்வொரு துணியையும் அவளே தொட்டுப் பார்த்து, உள்தையலைப் புரட்டிப் பார்த்து வாங்கினாள். நத்தாருக்கு, பெருநாளுக்கு, முதல் நன்மைக்கு. படிப்புச் சொல்லிக் கொடுக்க அவளால் முடியாது, அதை இன்னொருவர் செய்ததில் அவளுக்கு மனக்குறை இல்லை. ஆனால் உடுத்திப் பார்ப்பது தாய்க்கு உரியது. அதையும் அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். அதிலும் எவ்வளவு நல்ல துணி. தான் வாங்கியிருந்தால் அப்படி ஒன்றைத் தெரிந்தெடுத்திருக்கவே மாட்டாள் என்ற எண்ணம்தான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

அன்று பின்னேரம் செபமாலை சொன்னார்கள். முடிவில், உதவி செய்தவர்களின் பெயர்களைச் சொல்லி அவர்களுக்காக வேண்டுவது அந்த வீட்டு வழக்கம். முதன்முதலில் வேலை எடுத்துக் கொடுத்த சூசைதாசன் அண்ணை, கடிதங்கள் எழுதித் தந்த பங்குச் சுவாமியார், பிறகு சினியோரா மிரெல்லா. அற்புதமலர் சுவாமியாரோடு நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“சினியோராவை விட்டிட்டீர்” என்றார் அருளையா.

“மறந்துபோனன்.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தானாக அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை இத்தாலியனில் அடுக்கிப் பார்த்தாள். வீட்டு வேலைக்குரிய சொற்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. இதற்கு வேண்டிய சொற்களைத் தேடத் தேட, கையில் அகப்பட்டவை கொஞ்சம்தான். சினியோரா கதவைத் திறந்து “வா மாரா” என்றார். அற்புதமலர் என்ற பெயர் அவர் வாயில் நிற்காது. அவள் கோட்டைக் கழற்றாமலே நின்று சொன்னாள்.

“என் மகள். உடுப்பு. நீங்கள் இல்லை. அம்மா நான்.”

சினியோரா கதிரையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அற்புதமலர் ஒரு சண்டைக்கு ஆயத்தமாக வந்திருந்தாள். எத்தனை வருட வேலை, இதோடு போனாலும் போகட்டும் என்றுகூட நினைத்திருந்தாள்.

“நீ சொல்வது சரி” என்றார் சினியோரா. “முதலில் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள், மாரா.”

பொறாமைப்பட்டு வந்த மனசுக்கு, மன்னிப்புக் கேட்பவரைப்போல இடைஞ்சல் வேறில்லை. அற்புதமலர் ஏதோ தலையாட்டிவிட்டுப் போய் வாளியில் தண்ணீர் பிடித்தாள். அன்று குளியலறையை இரண்டு தரம் கழுவினாள்.

அதன் பிறகு சினியோரா றம்யாவைப் பற்றித் தானாக ஒன்றும் கேட்பதில்லை. கோப்பி முன்போலவே இரண்டு கோப்பையில் வந்தது. கதை மட்டும் குறைந்தது. ஒரு நாள் விரிப்புகளை அலுமாரியில் வைக்கும்போது, ஓரத்தில் உறைக்குள் தொங்கிய ஒரு கருநீல ஜாக்கெற்றை அற்புதமலர் கண்டாள். பழைய துணி, ஆனால் நல்ல கம்பளி. சினியோரா மாணவியாக இருந்தபோது போட்டதாக இருக்க வேண்டும், உள்ளே ஒரு தொரினோத் தையற்கடைப் பெயர் இருந்தது. புதுப் பட்டு உள்துணி வைத்துத் தைக்கக் கொடுத்து, தோளைச் சிறுப்பித்து வாங்கியிருந்தார். எந்தத் தோளுக்கென்று அற்புதமலருக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. அனுப்ப வைத்திருந்ததை, அவள் சொன்ன சொல்லுக்காக அனுப்பாமல் வைத்திருக்கிறார். அவள் அலுமாரியைச் சாத்தினாள். வென்றுவிட்டேன் என்று நினைக்கப் பார்த்தாள். பின்னேரம் பெருந்தெருவில் ஒரு கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அதே போல ஒரு கருநீல ஜாக்கெற்றைப் பார்த்தாள். உள்ளே நின்ற பெண் தன்னைப் பார்ப்பதைக் கண்டு விலகி நடந்தாள்.

மார்கழி பிறந்தது. அமலோற்பவ மாதா திருநாள் கழிந்து ஒரு காலை, மழைக்குள் பஸ் தரிப்பில் ஒதுங்கி நிற்கும்போது றம்யா எடுத்தாள். அந்த நேரத்தில் அவள் எடுப்பதே இல்லை.

“என்ன பிள்ளை, சுகமில்லையா?”

“இல்லை அம்மா, ஒண்டுமில்லை. வெள்ளிக்கிழமை கொலீஜியோவில நத்தார்ச் சாப்பாடு. புதுப் பிள்ளையள் ஒவ்வொருத்தரா எழும்பித் தங்களைப் பற்றிச் சொல்லோணும். பெரியாக்கள் எல்லாம் வருவினம். என்ன போடுறது அம்மா?”

எத்தனை கிழமையாக அற்புதமலர் இந்தக் கேள்விக்குக் காத்திருந்தாள். இப்போது அது காதுக்குள் இருந்தது. சரிகை போட்ட சிவப்புப் பஞ்சாபிச் சட்டை ஒன்று நத்தாருக்காக வாங்கி வைத்திருக்கிறாள், அதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

“மற்றப் பிள்ளையள் என்ன போடுவினம்?”

“கருநீல ஜாக்கெற். எல்லாரும். என்னட்டை அது இல்லை.” பிறகு மெதுவாக, “சினியோராட்டைக் கேட்டனான். அவ சொல்லுறா, உன்ரை அம்மாட்டைக் கேள், அவவுக்குத்தான் தெரியும் எண்டு.”

பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள்.

“பிள்ளை, போனை வை. பத்து நிமிசத்தில எடுக்கிறன்.”

பத்து நிமிடத்தில் முடியவில்லை. மழைக்கு வீதி முழுக்கக் கார்கள். பஸ்ஸின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் செபிக்கப் பார்த்தாள். வாய் சொன்னது, மனசு வேறெங்கோ நின்றது. அவவுக்குத்தான் தெரியும். அந்த மனுசிக்கு அது பொய் என்று தெரியும். பொய் சொல்லாத மனுசி. தனக்காக அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறா.

சினியோரா கதவைத் திறந்தபோது அற்புதமலரின் கோட்டிலிருந்து நீர் சொட்டியது.

“சினியோரா, ஜாக்கெற். அலுமாரியில். றம்யாவுக்கு.” அவள் மூச்சு வாங்கினாள். “தாருங்கள். தயவுசெய்து.”

சினியோராவின் முகத்தில் ஒரு வெற்றிச் சாயல் வருமோ என்று அற்புதமலர் பயத்தோடு பார்த்தாள். வரவில்லை. அவர் ஓட்டமும் நடையுமாய் அறைக்குள் போய் ஜாக்கெற்றோடு வந்தார். குசினி மேசையில் விரித்தார்கள். கை நீளம் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்ற, இரண்டு பேரும் ஒரே கைமுனையைப் பிடித்தார்கள். சினியோரா தன் விரலை எடுத்துக்கொண்டார்.

“நீ மடித்துக் காட்டு” என்றார்.

போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து றம்யாவை எடுத்தார்கள். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் இரண்டு பேரின் தலையையும் சேர்த்துக் கண்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மத்தியானம் கூரியருக்குக் குடுக்கிறம் பிள்ளை. வெள்ளிக்கு முதல் வந்திடும்.”

“அந்த நீலச் சேட்டோடு போடு” என்றார் சினியோரா இத்தாலியனில். உடனே அற்புதமலரைத் திரும்பிப் பார்த்தார். “இல்லையா, மாரா?”

“ஓம்” என்றாள் அற்புதமலர் தமிழில். “அதோடதான். சங்கிலியையும் போடு. உள்ளுக்கை விடு, வெளியில தெரியத் தேவையில்லை.”

றம்யா தலையாட்டினாள். ஏதோ சொல்ல வந்து, சினியோராவைப் பார்த்து நிறுத்தினாள். சினியோரா அதைக் கண்டார்.

“பூச்செடிகள் கிடக்கின்றன” என்று எழும்பினார். “தண்ணீர் விடவில்லை.” குழாயடியில் பூவாளியை நிரப்பி, பல்கனிக் கதவைத் திறந்து வெளியே போய், பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டார்.

“அம்மா, ஒண்டு சொல்லுறன், கவலைப்படக்கூடாது.”

“சொல்லு.”

“முதல் கிழமை அந்த வெள்ளி எழுத்து ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு போனனான். ஒரு பெட்டை கேட்டாள், எந்த டிஸ்கோவில வேலை செய்யிறாய் எண்டு. மேசை முழுக்கச் சிரிச்சது. நானும் சிரிச்சனான்.” றம்யா கீழே பார்த்தாள். “அண்டைக்குத்தான் சினியோராக்கு எடுத்தது. உங்களுக்கு எடுத்தா அதைச் சொல்லோணும். நீங்கள் எவ்வளவு ஆசையா வாங்கினனீங்கள். எப்பிடிச் சொல்லுறது?”

அற்புதமலர் மேசையில் கிடந்த கருநீலக் கையைத் தடவினாள். மடித்த இடத்தை நகத்தால் அழுத்தினாள்.

“இப்ப எங்கை அது?”

“கட்டிலில போர்த்துக்கொண்டு படுக்கிறனான். சூடு.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தைப் பிள்ளை காணாதபடி பல்கனிப் பக்கம் திருப்பினாள். கண்ணாடிக்கு வெளியே மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. தொட்டிகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. அதற்குள் சினியோரா மிரெல்லா தலைமயிர் நெற்றியில் ஒட்ட, ஒவ்வொரு செடியாகக் குனிந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பூவாளி முடிந்துபோயிருக்க வேண்டும். அவர் உள்ளே வரவில்லை. வெறும் பூவாளியை அடுத்த தொட்டியின் மேல் சரித்துப் பிடித்தபடி, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.