வீடு சுருட்டுப் பிடித்த நாள்

மழை பிடித்தால் போதும், எதிர்வீட்டு மனிதர் குடையை விரித்துக்கொண்டு தெருச் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். கையில் ஒரு இரும்புக் கொக்கி. மூடியை அரைச்சாண் தூக்குவார், காதைக் கொடுப்பார், மூடிவிடுவார். அவர் தூக்கிய கால் மணி நேரத்தில் குழந்தைகள் காப்பகத்து அக்கா வீட்டுக் குளியலறை ஓட்டையிலிருந்து சாக்கடை குபுகுபுவென்று பொங்கும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அக்காவின் வீடு தெருவின் பள்ளத்துக் கோடியில் இருந்தது. கீழறையில் பதினோரு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். இந்த வருடம் மட்டும் இரண்டு முறை சாக்கடை ஏறி, பாய் தலையணையெல்லாம் குப்பைக்குப் போயிற்று. சோதிக்க வந்த அதிகாரி அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டே சொல்லிவிட்டாள்: “இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா பூட்டிடுவேன்.”

“எல்லாம் அந்தக் குடையோட வேலைதான்” என்றாள் அக்கா, பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டிய கணவரிடம்.

“பாவம், வயசான மனுஷன்.”

“வயசானா வில்லங்கம் வத்திப் போயிடுமா? அவர் வீட்டு மாடித் தண்ணியைச் சாக்கடையில விடறாரு. நிரம்பிடுச்சான்னு தூக்கித் தூக்கிப் பாக்கறாரு.”

மாநகராட்சிக்கு மனு எழுதிப் போட்டாள். ஒரு மாதம் கழித்துப் பொறியாளர் பெண் ஒருத்தி வந்தாள்.

“புகைச் சோதனை பண்ணப் போறோம்க்கா. பாட்டன் காலத்துக் குழாய், வீட்டுக் கழிவுக்கே மூச்சுத் திணறுது. அதுல மழையையும் ஊத்தினா பொங்காம என்ன பண்ணும்? உள்ள புகை விட்டா, யார் வீட்டு மழைக்குழாய் சாக்கடையில சேந்திருக்கோ அது வழியா மேல வந்துடும்.”

“காத்தடிச்சா புகை தெரியாது, இல்ல?” என்று கேட்டார் கணவர்.

“ஏன் சார் கேக்கறீங்க?”

“சும்மாதான். நம்ம வீட்டுல அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது.”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். ஆனால் அக்காவின் கண்ணெல்லாம் எதிர்வீட்டின் மேல் இருந்தது. இது அவள் காதில் ஏறவில்லை.

சோதனை நாளன்று காலை பத்து மணிக்கு மூடியைத் திறந்து இயந்திரத்தை வைத்தார்கள். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குடைக்காரர் மாடியையே பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

“துணியை அடைச்சு வச்சிருப்பாரு. ஆளை ஏத்திப் பாருங்க!”

ஆள் ஏறினான். துணியும் இல்லை, தூசியும் இல்லை. அவர் வீட்டு மழைக்குழாய் ஒழுங்காக மழைக்கால்வாய்க்குப் போயிருந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து குழந்தைகள் கூச்சலிட்டன.

“அத்தே! நம்ம வீடு சுருட்டுப் பிடிக்குது!”

திரும்பினாள். அவள் வீட்டு மாடிக்குழாயிலிருந்து வெள்ளைவெளேரென்று புகை போய்க்கொண்டிருந்தது. தெருவில் இன்னும் ஐந்து வீடுகளிலும் புகைந்தது. ஆனால் அவளுடையதுதான் தடிமன்.

கணவர் தலையைச் சொறிந்தார். “வாசல்ல தண்ணி தேங்குது, கால் வைக்க முடியலன்னு நீதானே அரிச்செடுத்த? கொத்தனார் மாடிக்குழாய்க்கு ஒரு எல்போ வளைவு போட்டுச் சாக்கடையில சேத்துட்டாரு.”

“ஆறு வருஷமா வாயில கொழுக்கட்டையா?”

“நீ கேக்கவே இல்லையே.”

குடைக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். “மழையில மூடியைத் தூக்கினா, உன் வீட்டுப் பக்கத்துலேர்ந்து அருவி மாதிரி சத்தம் கேக்கும்மா. எனக்கும்தான் பொங்குது. அதான் மனு போட்டேன்.”

“நீங்களா? நான்ல போட்டேன்!”

பொறியாளர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “ரெண்டும் என்கிட்டதான் இருக்கு. நீங்க அவரைச் சொல்லியிருக்கீங்க, அவர் உங்களைச் சொல்லியிருக்காரு.”

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. அன்று சாயங்காலமே ரம்பத்தைக் கணவர் கையில் கொடுத்து எல்போவை அறுக்க வைத்தாள். மற்ற ஐந்து வீடுகளுக்கும் இரண்டு வாரக் கெடு.

ஒன்பதாம் நாள் மதியம், குழந்தைகள் தூங்கும் நேரத்தில் வானம் பொத்துக்கொண்டது. அக்கா குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஓட்டையையே முறைத்தாள். கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. விளிம்பைத் தொட்டு நடுங்கியது.

“அண்ணே! ஏறுதா?” ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த குடைக்காரரிடம் கத்தினாள்.

“இல்லம்மா! அப்படியே நிக்குது!”

ஓட்டை ஒரு ஏப்பம் விட்டது. தண்ணீர் இறங்கியது. குழந்தைகள் அசையவில்லை. நெஞ்சில் கை வைத்தபடி ஜன்னலுக்கு வந்தவள், தெருவைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினாள்.

“அண்ணே, மூலை வீட்டுக்காரி மழைக்குழாயை வெட்டிட்டேன்னு சொன்னாளே. வெட்டியிருந்தா தண்ணி தெருவுல விழணும்ல? எங்க விழுது?”

“அதைத்தாம்மா நானும் பாக்கறேன்.”

“நீங்க போய்க் காதைக் குடுங்க. நான் இங்கேர்ந்து நோட்டம் விடறேன்.”

குடைக்காரர் கொக்கியோடு மூலைக்கு நடந்தார். அக்கா முக்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டாள்.