ஹ'லிமுக்கு ஒரு தாய்மாமன் தேவை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலய வாசலில் விற்ற கசப்புக் கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஓர் அம்மாள் வெடித்தார்: "முறையா வந்து கேக்க ஆளில்ல. எம் பையன் என்ன கேப்பாரத்துக் கெடக்கானா?"

(வியட்நாம் மலைகளிலிருந்து வந்த ராதே சனம். பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போகவேண்டும்; கட்டியபின் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவார். பெண்ணின் தாய்மாமன் பித்தளைக் காப்போடு முன்னால் நிற்பார்.)

2

'மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்தபடியே ஹ'லிம் கண்ணீர்—'

வேண்டாம். அவள் அழுகிற ரகமில்லை.

நடந்தது இதுதான். இங்கேயே வளர்ந்த இ-தூன், நண்பர்கள் முன்னால் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டினான். அவளுக்கு அவன்மேல் உயிர். ஆனால் வாயில் வந்தது வேறு: "எந்திரிடா லூசு! நீ கேக்கக் கூடாது, நாந்தான் கேக்கணும்!"

யாரோ எடுத்த வீடியோ அவன் அம்மாவின், அதாவது தேவாலய வாசலில் வெடித்த அந்த அம்மாளின், கைக்குப் போய்விட்டது. மகன் முட்டி போட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

3

ஹ'லிமின் தாய்மாமா வியட்நாம் மலையிலேயே இருக்கிறார். அந்த அரசாங்கம் நாட்டை விட்டு வெளியே விடாது. எனக்கென்ன, எழுதுகிறவன்தானே?

'வாசலில் ஒரு டாக்சி நின்றது. இறங்கியவர்—'

அந்த வரியை அடித்துவிட்டேன். இங்கே எத்தனையோ வீடுகளில் தாய்மாமன் நிற்கவேண்டிய இடம் காலியாகத்தான் கிடக்கிறது. டாக்சியில் ஆள் இறக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

4

ஒரு சுலபமான முடிவும் கைவசம் உண்டு.

"கோர்ட்டுல போய்க் கட்டிக்குவோம். அம்மா அப்புறம் சரியாயிடுவாங்க" என்றான் இ-தூன்.

"உன்னக் கேக்காமயே தூக்கிட்டுப் போயிட்டேன்னு ஊரு பேசட்டுமா? நீ என்ன அவ்ளோ மலிவா?"

அவன் முகம் சிவந்தது. சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் அவளை அந்த இடத்தில் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

5

இப்போது காப்பும் கையுமாக அவன் வீட்டு வாசலில் தனியாக நிற்கிறாள். அந்த அம்மாள்தான் கதவைத் திறந்தார்.

"மாமன் எங்க?"

"வர முடியல அத்த. நானே கேக்கறேன்."

"நீ கேப்படியம்மா. நாளைக்கு எம் பையன நீ வெளிய தள்ளுனா, நான் யாருகிட்டப் போய் நியாயம் கேப்பேன்?"

ஹ'லிம் காப்பை முன்னால் நீட்டினாள்; அவர் வாங்கவில்லை. இவ்வளவையும் எழுதியவன் நானே பொறுப்பேற்றால் அந்த அம்மாள் நம்பவா போகிறார்? தாய்மாமன் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கதவு சாத்தப்படவில்லை. அந்த அம்மாள் ஹ'லிமின் தோளுக்கு மேலாக எட்டி, நேராக உங்களைப் பார்க்கிறார்.

"அது யாரு, உம் பின்னால?"