வாக்கியத்தின் வால்

சட்டத் தத்துவ வட்டத்தின் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் அரைப்புள்ளி. அவர் இருக்கும் அறையில் யாருடைய வாக்கியமும் முற்றுப்புள்ளியைப் பார்த்ததில்லை. நீங்கள் பேசத் தொடங்குவீர்கள். முக்கால் தூரம் போனதும் அவர் இரண்டு விரலை உயர்த்துவார். மிச்சத்தை அவரே பேசிக்கொள்வார். கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் தலையணை பருமன்.

வேறு ஏதாவது மொழியாக இருந்தால் இதில் பெரிய சேதம் இருந்திருக்காது. நம் மொழியில் உண்டும் இல்லையும் வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருக்கின்றன. வாலை நறுக்கிவிட்டால் மறுத்தவர் ஒப்புக்கொண்டவர் ஆகிவிடுவார். அப்படித்தான் அந்த வட்டத்தில் பல வருடங்களாக யாரும் எதையும் மறுக்கவில்லை. ஆண்டறிக்கையில் இதை ‘ஆரோக்கியமான கருத்தொற்றுமை’ என்று போட்டிருந்தார்கள்.

இந்த வட்டத்தின் முன்னால்தான் அந்த ஆய்வு மாணவி மூன்றாவது தடவையாகக் கட்டுரை வாசிக்க வந்திருந்தாள். வட்டம் சரி என்றால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். சமர்ப்பித்தால்தான் சட்டக் கல்லூரியில் அவளுக்காக வைத்திருக்கும் விரிவுரையாளர் வேலை. கல்லூரி முதல்வர் நல்ல மனிதர், இந்த மாதக் கடைசிவரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் வட்டம் கூடுவது இன்றைக்கு மட்டும்தான்.

அவளுடைய ஆய்வின் சாரம் ஒரே வாக்கியம். ஒரு சட்டம் சட்டமாக இருப்பதற்கு அது நியாயமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏற்க வேண்டியவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால் அது சட்டம். நல்ல சட்டமா, நாசமாய்ப் போன சட்டமா என்பது அடுத்த பஞ்சாயத்து. போன இரண்டு தடவையும் இந்த வாக்கியத்தில் ‘அவசியம்’ வரைக்கும் வந்தாள். இரண்டு விரல் உயர்ந்தது. “சட்டம் நியாயமா இருக்கணும், அது அவசியம். இதைத்தானேம்மா நான் முப்பது வருஷமா சொல்றேன்? இதுல புதுசா நீ என்ன கண்டுபிடிச்சே?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். எழுத்தில் கொடுத்திருக்கிறோமே என்றால், “படிச்சுட்டு வந்தா கேக்கற சுவாரசியம் போயிடும்” என்பார்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியைக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்கமாட்டார். அவரும் ஒரு காலத்தில் அரைப்புள்ளியிடம் ஆய்வு செய்தவர்தான். தான் எழுதியதற்கு நேர் எதிரான முடிவுக்காகப் பட்டம் வாங்கியவர். அன்றிலிருந்து அந்த எதிர் முடிவையே பாடமாக நடத்திக்கொண்டிருக்கிறார். பழகிவிட்டது.

“சார் மனசு நோகாம பேசும்மா,” என்றார் வாசலில்.

“பேச விட்டா நோகாமதான் பேசுவேன் மேடம்.”

கடைசி வரிசையில் மாணவியின் அக்கா உட்கார்ந்திருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். தங்கையின் சாப்பாடு, துணிமணி, ஆய்வுக் கவலை எல்லாமே அவள் வீட்டில்தான் என்பதால் முடிவை நேரில் பார்த்துவிட வந்திருந்தாள். “எங்க கிளினிக்ல வாயைத் திறக்கச் சொல்லுவாங்க. இங்க என்னடி, திறந்த வாயை மூட வைக்கறாங்க?” என்று தங்கையின் காதைக் கடித்தாள்.

“அக்கா, சும்மா இரு.”

கூட்டம் தொடங்கியது. சுவரில் இருந்த ஏசி கீழே வைத்த வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மாணவி இந்தத் தடவை ஒரு தந்திரத்தோடு வந்திருந்தாள். இரவெல்லாம் கண்ணாடி முன் நின்று வாக்கியத்தைத் தலைகீழாக்கி வைத்திருந்தாள்.

“அவசியமே இல்லை,” என்று ஆரம்பித்தாள், “ஒரு சட்டம் வந்து...”

இரண்டு விரல். “அவசியமே இல்லைன்னா இத்தனை பேரை எதுக்கும்மா கூப்பிட்டோம்?”

அறை சிரித்தது. அவர் சிரித்தால் சிரிப்பது வட்டத்தின் எழுதாத விதி. எழுதிய விதிகளை யாரும் பார்த்ததில்லை.

“அதில்லை சார், நியாயத்துக்கும் சட்டத்துக்கும் தொடர்பு இருந்தே ஆகணும்னு...”

“ஆகணும்! கரெக்ட்.”

“...நான் சொல்லவே...”

“சொல்லவே வேண்டாம், புரியுது. உட்காரு.”

உட்காரச் சொன்னவர் எழுந்தார். இயற்கை நீதி என்றார். எதிர்த்தரப்பின் குரலைக் கேளாத தீர்ப்பு தீர்ப்பே அல்ல என்று மேசையைத் தட்டினார். முன்வரிசையிலிருந்த வக்கீல் தலையாட்டினார். நீதிமன்றத்தில் வாய்தா வாங்கிய களைப்போடு, இந்த அறையின் குளிருக்காகவே வட்டத்தில் சேர்ந்தவர் அவர். பக்கத்தில் ஓர் இளம் விரிவுரையாளர் குறிப்பு எடுக்கிற மாதிரி எதையோ வரைந்துகொண்டிருந்தார்.

அந்த நல்ல முதல்வர் வேறு ஒருவருக்குக் கை கொடுப்பது மாணவியின் கண்ணில் ஓடியது. இன்னொரு வருடம் அக்கா வீட்டுக் கூடத்தில் படுக்கை விரிப்பதும், அத்தான் நாசூக்காக எதையும் கேட்காமல் இருப்பதும் ஓடின.

“ஆகவே,” என்றார் அரைப்புள்ளி. குரலில் தீர்ப்புக் களை வந்துவிட்டது. “எல்லாத்தையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது, இந்த ஆய்வை மறுபடியும் ஒரு வருஷத்துக்குத் தள்ளிவைக்க வேண்டிய அவசியம்...”

நிறுத்தினார். கனமான சொல்லுக்கு முன் கொஞ்சம் இடைவெளி விட்டால் எடுப்பாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. அவர் பேச்சில் யாரும் குறுக்கிட்டதில்லை என்பதால் அந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்று அவருக்குத் தெரியாது.

“இல்லை!” என்று துள்ளி எழுந்தாள் மாணவி. “ரொம்ப நன்றி சார்!”

அக்கா கை தட்டினாள். முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று உண்மையாகவே நினைத்துத் தட்டினாள். ஒருவர் தட்டினால் மற்றவர்களும் தட்டுவதுதான் கருத்தரங்கு. அறை முழுக்கக் கைதட்டல். வழிகாட்டியும் தட்டினார், கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்.

“இருங்க, நான் இன்னும் முடிக்க...”

“முடிஞ்சுது சார், அருமையா முடிச்சீங்க,” என்றார் வக்கீல், பையைத் தோளில் மாட்டியபடி.

“நான் சொல்ல வந்தது...”

“எங்களுக்குப் புரிஞ்சுது சார்,” என்றார் வழிகாட்டி. அவருடைய வாழ்நாளில் அவர் அரைப்புள்ளியை வெட்டிப் பேசிய முதல் வாக்கியம் அது. முகம் பத்து வயது குறைந்து தெரிந்தது.

இளம் விரிவுரையாளருக்குத்தான் மனசாட்சி உறுத்தியது. “ஒரு நிமிஷம். தலைவர் பாதி, மாணவி பாதின்னு ஒரு தீர்ப்பா? இது நியாயமே இல்லையே!”

மாணவி மேசையைப் பிடித்துக்கொண்டாள். அரைப்புள்ளியின் இரண்டு விரலும் பாதி உயரத்தில் நின்றிருந்தன. அவை எதற்காகக் கிளம்பின என்பதே அவருக்கு மறந்துபோன மாதிரி இருந்தது.

“நியாயம் இல்லைதான் சார்,” என்றாள் அவள் நிதானமாக. “நான் செஞ்சது அடாவடி. ஆனா சபைத் தலைவர் வாயாலதான் தீர்ப்பு ஆரம்பிச்சுது. நான் முடிச்சேன். யாரும் மறுக்கல. எல்லாரும் கை தட்டி ஏத்துக்கிட்டீங்க. அதனால அது தீர்ப்புதான். ஒரு சட்டம் சட்டமா இருக்கறதுக்கு அது நியாயமா இருக்க வேண்டிய அவசியம் இல்லை.”

வாக்கியம் முழுசாக முடிந்தது. அதன் பின்னால் வாளியில் நீர் சொட்டுவது தெளிவாகக் கேட்டது.

அரைப்புள்ளி மெல்ல உட்கார்ந்தார். கட்டுரையை முதன்முறையாகத் தன் பக்கம் இழுத்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், முதல் பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“அடேயப்பா, இது எனக்கு நேர் எதிரால்ல இருக்கு!” என்றார். குரலில் கோபத்தைவிட ஆசைதான் அதிகம் இருந்தது. முப்பது வருடமாகச் சண்டை போட ஆள் கிடைக்காத மனிதர். “சரி, சமர்ப்பிச்சுத் தொலை. அப்புறம் ஒரு நாள் உன்கூட வாதத்தை வெச்சுக்கறேன். ஆமா, இவ்வளவு தெளிவான விஷயத்தை நீ ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“சார், நான் ரெண்டு தடவையும் இதைத்தான்...”

“சரி சரி, டீ ஆறுது,” என்றார் அரைப்புள்ளி.