முப்பத்திரண்டாவது கட்டம்

இடது கை எழுந்த கணமே இசைக்குழு நடத்துநருக்குத் தெரிந்துவிட்டது, தப்பு. ஆனால் வில்லிலிருந்து போன அம்பை யார் பிடிப்பது? புல்லாங்குழல்காரப் பெண் ஊதிவிட்டாள்.

இசைத்தாளில் முப்பத்திரண்டு தாளக் கட்டங்கள் அவள் சும்மா உட்கார்ந்து எண்ண வேண்டிய இடம் அது. முப்பத்தொன்று முடிந்ததுமே இவர் கை காட்டிவிட்டார். எண்ணிக்கை என்ன சொன்னாலும் நடத்துநரின் கைதான் சட்டம். இல்லாவிட்டால் அறுபது பேரும் அறுபது பக்கம் இழுப்பார்கள். கீழ்ப்படிந்தாள். வயலின்கள் தேம்பிக்கொண்டிருக்க, இழவு வீட்டில் சிரித்தவளைப் போல அவள் குழல் மட்டும் தனியாகக் கேட்டது. அரங்கமே அவளைப் பார்த்தது. நடத்துநருக்கு ஒரு வசதி, அவர் கை தப்புப் பண்ணினால் சத்தம் வராது.

அவளுக்கு அது ஓராண்டுத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று மறுநாள் காலை தேர்வுக் குழு கூடியது.

நடத்துநரை வாசலிலேயே மடக்கினார் முரசுக்காரர், அவர் மனைவியின் தம்பி. "அத்தான், பின்வரிசையில இருக்கறவனுக்கு எல்லாம் தெரியும். உங்க கைதான் முந்திருச்சு. உள்ள போய் அதை மட்டும் சொல்லிடுங்க."

சொல்லத்தான் போனார். நாற்காலியில் உட்கார்ந்ததும் முப்பது வருடப் பெயர் குறுக்கே வந்து நின்றது. சின்னப் பெண், ஒரு தடவைதானே, மன்னித்துவிடலாம் என்று பரிந்து பேசினார். என்ன பெருந்தன்மை என்று நிர்வாகி நெகிழ்ந்துபோனார். நெகிழ்ந்தபடியே, எண்ணத் தெரியாதவள் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனபோது ஒத்திகை அறையில் அவள், திருப்பிக் கொடுக்க வேண்டிய இசைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"எனக்காகப் பேசினீங்களாமே சார், நன்றி. முப்பத்தொண்ணுதான் எண்ணியிருந்தேன். உங்க கையைப் பாத்ததும் எனக்குன்னு நெனச்சுட்டேன்." தயங்கினாள். "அது யாருக்குக் காட்டினது சார்?"

இப்போதாவது சொல்லிவிடலாம். அறையில் வேறு யாருமில்லை.

"முரசுக்கு," என்றார்.

தலையாட்டினாள். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, பென்சிலை எச்சில் தொட்டு, முப்பத்திரண்டாவது கட்டத்துக்கு மேலே குனிந்து எழுதினாள். அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவர் ஏமாந்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி: 'இங்கே கை நமக்கல்ல.'